அது பைக் மீன் என்றேன்

அந்தத் தூண்டில் தடியை நிமிர்த்தி வைக்காதீங்கோ தங்கச்சி. பஸ் குலுங்கும்போது நுனி மேலே இடித்தால் முறிந்துபோகும். இப்படிச் சரித்து வையுங்கோ. ம், அவ்வளவுதான். உங்களுக்கா வாங்கினீங்கள்? மனுசனுக்கா. மரம் அரிகிற ஆலையில் வேலை என்றால் ஏரிக்குப் பக்கத்தில்தான் இருப்பார். நல்லது. புது ஆள் என்றால் முதலில் பிக்கரலுக்குப் போகச் சொல்லுங்கோ. வால்ஐ என்றும் சொல்வார்கள், இரண்டும் ஒரே மீன்தான். வெள்ளைச் சதை, முள் குறைவு, மிளகாய்த்தூள் போட்டுப் பொரித்தால் எங்கட வாய்க்குப் பிடிக்கும்.

கொஞ்சம் மெல்லக் கதைப்பம் என்ன. முன்னுக்கு, சாரதிக்குப் பின்னால் மூன்றாவது வரிசை, யன்னல் பக்கம், நீலத் தொப்பி. எட்டிப் பார்க்க வேண்டாம். அவர் எனக்குத் தெரிந்தவர். என் வீட்டு பேஸ்மென்டில் நாலு வருடமாக இருக்கிறார். பெயர் சீவரத்தினம். இன்றைக்குப் பத்தரைக்கு அவருக்குக் கோர்ட். நீங்கள் இறங்குகிற இடத்துக்கு ஒரு தரிப்பு முன்னால் ஒரு சின்னப் பட்டணம் வருமே, அங்கேதான்.

ஒரே வீட்டு ஆட்கள் ஏன் ஆளுக்கொரு மூலையில் இருக்கிறார்கள் என்று நீங்கள் கேட்கவில்லை. அது உங்கள் நல்ல குணம். நான் வருவது அவருக்குத் தெரியாது. நான் ஏறும்போது அவர் முன்னமே ஏறி இருந்தார். அவரைத் தாண்டித்தான் பின்னால் வர வேண்டும். அவர் யன்னலைப் பார்த்துக்கொண்டிருந்தார். கண்டாரோ, காணவில்லையோ, எனக்குச் சொல்லத் தெரியவில்லை. யன்னல் கண்ணாடியில் உள்ளே இருப்பவர்களின் உருவம் தெரியும், பார்த்திருக்கிறீங்களா, வெளியே இருட்டாக இருந்தால். காலை ஆறு மணிக்கு வெளியே இருட்டுத்தான்.

பிக்கரலுக்கு வருவம். அதன் கண்ணுக்கு வெளிச்சம் ஆகாது. அதனால் விடிகிற நேரமும் பொழுதுபடுகிற நேரமும்தான் கரைக்கு வரும், மற்ற நேரம் ஆழத்தில் தரையோடு கிடக்கும். ஈயத்தலை வைத்த தூண்டிலில் சின்ன மீன் ஒன்றைக் கொளுவித் தரையில் முட்ட விட்டு, மெல்ல ஒருக்கா தூக்கி, மெல்ல விட வேண்டும். கடிக்கும்போது இழுக்காது. தடி கொஞ்சம் பாரமானது போலத் தெரியும், அவ்வளவுதான். உடனே இழுத்தால் போய்விடும். மனதுக்குள் மூன்று எண்ண வேண்டும். இதெல்லாம் நான் பதினொரு வருட அனுபவத்தில் கண்டுபிடித்தது. புத்தகம் வாசித்து, வீடியோ பார்த்து, பிறகு தண்ணீரில் இறங்கி.

மூன்று எண்ணுவது மட்டும் சீவரத்தினம் சொன்னது. அவர் வன்னி ஆள், குளத்தோடு வளர்ந்தவர். இங்கே உள்ள எல்லா ஏரியும் அவருக்குக் குளம்தான். கடல் மாதிரி மறுகரை தெரியாமல் கிடக்கும், அவர் அதைப் பார்த்து, “அண்ணை, இந்தக் குளத்துக்கு அணைக்கட்டு எந்தப் பக்கம்?” என்பார். பகிடிக்குத்தான். நான் யாழ்ப்பாணம், எனக்குத் தெரிந்த தண்ணீர் கிணற்றுத் தண்ணீர். ஆனால் இந்த நாட்டு மீனைப் பற்றி அவருக்கு என்ன தெரியும், நான்தானே கூட்டிக்கொண்டு போனேன். மீன் பிடிக்கிற லைசென்ஸ் எடுக்க வைத்ததும் நான்தான். ஒரு வெள்ளைக்காரனிடம் அலுமினிய வள்ளம் வாடகைக்கு எடுப்போம். அவர் துடுப்புப் போடுவார், நான் தடி பிடிப்பேன். நான்கு கோடை அப்படித்தான் போனது.

வன்னியில் விரால் எங்கே நிற்குமோ, இங்கே அப்படியான இடத்தில்தான் பைக் என்கிற மீன் நிற்கும். பாசிக்குள் தலையை வெளியே காட்டிக்கொண்டு, அசையாமல், வருகிற சின்ன மீனைப் பார்த்துக்கொண்டு. ஆகவே பாசிக் காட்டின் விளிம்பில் எறிய வேண்டும், நடுவில் எறிந்தால் சிக்கிக்கொள்ளும். இரைக்குச் சிவப்பும் வெள்ளையுமான தகட்டுப் பொய்மீன் நல்லது. தங்கூசி நூலைத் தூண்டிலில் நேரே கட்டக் கூடாது. நடுவில் ஒரு சாண் கம்பி வேண்டும், இல்லாவிட்டால் ஒரு கடியில் அறுத்துக்கொண்டு போகும். வாயில் கை வைக்கக் கூடாது, நீளமான குறடு கட்டாயம். உங்கள் மனுசனிடம் குறடு இருக்கிறதா? கேளுங்கோ.

இதுவும் சீவரத்தினம் காட்டித் தந்ததுதான், ஊர் விராலைச் சொல்லி. சரி, அது கிடக்கட்டும்.

தொப்பியைக் கழற்றுகிறார் பாருங்கோ. சூடாக இருக்கும் போல. இல்லை, திரும்பவில்லை.

என்ன வழக்கு என்று கேட்கிறீங்கள். மீன் வழக்கு. சிரிக்காதீங்கோ, இந்த நாட்டில் மீனுக்கும் வழக்கு உண்டு. ஒரு மஸ்கி. பைக்குக்குப் பெரியண்ணன் மாதிரி ஒரு மீன். ஆள் நீளத்துக்கு வளரும். பத்தாயிரம் தரம் எறிந்தால் ஒன்று கடிக்கும் என்பார்கள். அந்த ஏரியில் நாலரை அடிக்குக் குறைந்த மஸ்கியைப் பிடித்தால் உடனே விட்டுவிட வேண்டும். வைத்திருந்தால் குற்றம். எங்களுடையது முப்பத்தொரு அங்குலம்.

இதில் ஒரு சங்கடம் இருக்கிறது. இளம் மஸ்கியும் பைக்கும் பார்வைக்கு ஒன்று போலவே இருக்கும். பைக் கரிய உடம்பில் வெள்ளைப் புள்ளி. மஸ்கி வெளிர் உடம்பில் கரிய கோடு. பைக்கின் வால் நுனி உருண்டிருக்கும், மஸ்கியின் வால் நுனி கூராக இருக்கும். தாடைக்குக் கீழே சின்னத் துளைகள், அதையும் எண்ணிப் பார்க்க வேண்டும். இப்போது எனக்கு எல்லாம் தெரியும். உங்கள் மனுசனுக்கு இதை மட்டும் மறக்காமல் சொல்லுங்கோ, மற்றதெல்லாம் மறந்தாலும் பரவாயில்லை. சந்தேகம் வந்தால் விட்டுவிட வேண்டும்.

அன்றைக்கு ஜூலை, பின்னேரம் மூன்று மணி. அவர் வள்ளத்தைப் பாசி விளிம்போடு அசையாமல் பிடித்திருந்தார். நான் எறிந்தேன். அந்த மீனை நான் பிடித்தேன் தங்கச்சி. இதை நான் இதுவரைக்கும் ஆருக்கும் சொல்லவில்லை, என் மனுசிக்கும் சொல்லவில்லை. பத்து நிமிடம் மல்லுக்கட்டினேன். அவர் கைவலையால் அள்ளினார், குறடால் தூண்டிலைக் கழற்றினார், கை எல்லாம் வழுவழு. பிறகு மீனைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். சொன்னார்:

“அண்ணை, உது பைக் இல்லை. கோட்டைப் பாருங்கோ. விட்டிடுவம்.”

நான் அது பைக் என்றேன்.

“உயிரோடை இருக்கேக்கையே விட்டிடுவம் அண்ணை.”

எனக்கு எரிச்சல் வந்தது. உண்மையைச் சொன்னால் எரிச்சல் இல்லை, வெட்கம். பதினொரு வருடமாக இந்த ஏரிகளில் திரிகிறேன், அதுவரை அந்த நீளத்தில் ஒரு மீன் என் தடியில் வந்ததில்லை. பெரிய மீன் எல்லாம் அவர் கைக்குத்தான் வரும். நான் வீட்டில் என் மனுசிக்கு ‘நாங்கள் பிடித்தது’ என்று காட்டுவேன். அன்றைக்குத்தான் ‘நான் பிடித்தது’ என்று காட்ட ஒன்று கிடைத்தது. நான் பிறகும் பைக் என்றேன். அவர் தன் ஃபோனை எடுத்து, மீனோடு என்னைப் படம் எடுத்தார். மீனை ஐஸ்பெட்டிக்குள் வைத்தார்.

படம் அவரிடம் இருக்கிறது. இதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கோ.

மீன் சட்டம் பார்க்கிற அரசாங்க அதிகாரி ஒருவர் வந்தார், அந்த வள்ளத்துக்குச் சத்தமே இல்லை. மஸ்கியும் அப்படித்தான் வரும், தூண்டிலுக்குப் பின்னாலேயே, நிழல் மாதிரி. வள்ளத்துக்குக் கிட்ட வந்த பிறகுதான் கண்ணுக்குத் தெரியும். அதனால்தான் தூண்டிலைத் தூக்குவதற்கு முன்னால் தடி நுனியைத் தண்ணீருக்குள் விட்டு எட்டுப் போலச் சுற்ற வேண்டும் என்பார்கள். சரி, அது வேறு கதை. வந்தது ஒரு பெண்பிள்ளை. இருபத்தைந்து வயது இருக்கும், பின்னல் போட்டிருந்தது, காக்கிப் பச்சை உடுப்பு, இடுப்பில் பெல்ட். நல்ல பின்னேரம் என்று சொல்லிச் சிரித்தது. சிரித்த முகம்தான். இதை நான் மறைக்கப் போவதில்லை. அந்தப் பிள்ளை ஒரு சத்தம் போடவில்லை, ஒரு கெட்ட சொல் சொல்லவில்லை.

ஆனால் அந்த உடுப்பைக் கண்டவுடனே, கேட்க முதலே என் கை லைசென்ஸைத் தேடத் தொடங்கிவிட்டது. இருபத்திரண்டு வருடம் இந்த நாட்டுப் பிரசை நான். பொலிஸ்காரனைக் கண்டால் இன்றைக்கும் பாதையை மாற்றி நடப்பேன். கள்ளம் செய்யாதவன் ஏன் பயப்பட வேண்டும் என்று பிள்ளைகள் கேட்கும். அவர்களுக்கு என்னத்தைச் சொல்ல.

லைசென்ஸ் பார்த்தது. உயிர்காப்பு அங்கி இரண்டும் பார்த்தது. ஐஸ்பெட்டியைத் திறக்கச் சொன்னது. மீனைத் தூக்கித் தாடையைத் தடவி எண்ணியது. நாடாவை எடுத்து அளந்தது. இது மஸ்கி, ஆர் பிடித்தது என்று கேட்டது.

நான் மீனையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

அவருக்கு இங்கிலிஷ் குறைவு. அந்தப் பிள்ளை அதை விளங்கிக்கொண்டு என்னைப் பார்த்தது. அவர் கையில் கைவலை, கையெல்லாம் மீன் வழுவழுப்பு. பேனாவால் அவரைக் காட்டி, இவரா என்று கேட்டது.

நான் வாயே திறக்கவில்லை தங்கச்சி. சத்தியமாக ஒரு சொல் சொல்லவில்லை. தலை கொஞ்சம் அசைந்தது. அவ்வளவுதான்.

ஏன் என்று பிறகு நானே எனக்குக் காரணம் சொல்லிக்கொண்டேன். நான் பள்ளிக்கூட பஸ் ஓட்டுகிறேன். பிள்ளைகளை ஏற்றுகிற வேலை, பெயரில் ஒரு கறுப்புப் புள்ளி விழுந்தால் வேலை போய்விடும். இது நியாயமான காரணம்தானே? கேட்கிறவர்கள் ஒப்புக்கொள்வார்கள். ஆனால் அந்த நேரம் நான் பள்ளிக்கூடத்தையும் நினைக்கவில்லை, பஸ்ஸையும் நினைக்கவில்லை. எதையுமே நினைக்கவில்லை. வேலை ஞாபகம் வந்தது வீட்டுக்குத் திரும்பிக் காரைக் கழுவிக்கொண்டு நிற்கும்போது. காரணம் பிறகுதான் வந்தது. தலை முந்திவிட்டது.

அவர் என்னைப் பார்த்தார். கோபமாக இல்லை. என் முகத்தைப் பார்க்கவில்லை, தலையைப் பார்த்தார். பிறகு அந்தப் பிள்ளையிடம் திரும்பி, “மை ஃபிஷ்” என்றார். அவரே சொன்னார் பாருங்கோ. நான் சொல்ல வைக்கவில்லை. இல்லை என்று சொல்லியிருக்கலாம், ஃபோனை எடுத்துப் படத்தைக் காட்டியிருக்கலாம். செய்யவில்லை. ஆகவே அவருக்கும் இதில் சம்மதம் என்றுதானே எடுக்க வேண்டும்.

அந்தப் பிள்ளை பெயரை எழுதத் தொடங்கியது. எங்கட பெயர்கள் அவர்களுக்கு வாயில் வராது. அவர் தடுமாறினார். நான் ஒவ்வொரு எழுத்தாகச் சொல்லிக் கொடுத்தேன். அந்த உதவியை நான் செய்தேன். தகப்பன் பெயரையும் சொன்னேன், அது இன்னும் நீளம். எங்கள் விலாசத்தையும் சொன்னேன். ஒரு எழுத்துப் பிழை இல்லாமல் எழுதி, மீனையும் எடுத்துக்கொண்டு, நன்றி சொல்லிவிட்டுப் போனது.

உங்கள் போத்தலில் தண்ணீர் இருக்கிறதா? ஒரு மிடறு போதும். வாய் காய்ந்துவிட்டது.

அவருக்குக் குடியுரிமை இல்லை, நிரந்தர வதிவிடமும் இன்னும் இல்லை. விண்ணப்பம் போட்டு மூன்று வருடம். மனுசியும் மகளும் இன்னும் கிளிநொச்சியில். அந்த விண்ணப்பத்தில் ஒரு கேள்வி இருக்கிறதாம், நீ எப்போதாவது குற்றம் செய்திருக்கிறாயா என்று. மீன் குற்றமும் அதில் சேருமா சேராதா, எனக்குத் தெரியாது. பெரிய விசயம் இல்லை என்று ஒருவர் சொன்னார். இல்லை, எல்லாவற்றையும் எழுதத்தான் வேண்டும் என்று இன்னொருவர் சொன்னார். சீவரத்தினம் ஆரிடமும் கேட்கவில்லை. இன்றைக்கு நீதவான் குற்றவாளி என்று சொன்னால், அவர் அந்தக் கேள்விக்கு நேரே ஆம் என்று எழுதுவார். பொய் எழுதமாட்டார். எனக்கு அவரைத் தெரியும். அதோடு அந்த மகள் எப்போது வருமோ, வராமலே போகுமோ.

அன்றைக்குத் திரும்பும்போது இரண்டரை மணித்தியாலக் கார் ஓட்டம். அவர் பக்கத்து சீட்டில். பாட்டுப் போட்டேன். பிறகு நிற்பாட்டினேன். வீட்டு வாசலில் இறங்கும்போது, “நன்றி அண்ணை” என்றார். ஒவ்வொரு முறையும் சொல்லுகிற நன்றிதான்.

அதற்குப் பிறகுதான் பயம் வந்தது. கீழே அவர், மேலே நான். முன்பெல்லாம் அவர் நடக்கிற சத்தம் எனக்குக் கேட்டதே இல்லை. இப்போது கேட்கிறது. கதவு திறந்தால் கேட்கிறது, குழாய் திறந்தால் கேட்கிறது. நான் என் வீட்டிலேயே சப்பாத்தைக் கழற்றிக் கையில் எடுத்துக்கொண்டு நடக்கிறேன், கேட்டால் சிரிப்பீங்கள். நான் எங்கே நிற்கிறேன் என்று கீழே தெரிந்துவிடக் கூடாது என்று. என் மனுசி மங்களம், “ஏன் சீவரத்தினம் இப்ப தேத்தண்ணிக்கு மேலை வாறேல்லை?” என்று கேட்டாள். அவருக்கு வேலை கூடிப்போச்சு என்றேன். ஒரு நாள் அவளே கீழே போய்க் கூப்பிட்டாள். அவர் வந்தார். இருந்து குடித்தார். குப்பை எடுக்கிற நாள் மாறிவிட்டது அண்ணை, இனி வியாழன் என்று எனக்குச் சொன்னார். நான் கோப்பையை வைத்துவிட்டு எழும்பிவிட்டேன்.

அவர் சண்டை பிடித்திருந்தால் நான் இந்தப் பாடு பட்டிருக்கமாட்டேன். நானும் இரண்டு சொல் சொல்லியிருப்பேன். அவர் ஒன்றும் சொல்லவில்லை. ஒரு சொல்லை உள்ளே வைத்துக்கொண்டு, அதைச் சொல்லாமல் என்னைத் தாண்டித் தாண்டிப் போகிறார். என்ன சொல் என்று எனக்குத் தெரியும். கேளுங்கோ.

போன வருடம் ஒரு மாலை, பிக்கரலுக்குக் காத்துக்கொண்டிருந்தோம். அந்த மீனுக்குக் காத்திருக்கும்போதுதான் ஆட்கள் கதை சொல்வார்கள், வேறு வேலை இல்லை. அவர் தன் தமையனைப் பற்றிச் சொன்னார். தொண்ணூறுகளில் ஆமியின் ஒரு சுற்றிவளைப்பு. ஊர் ஆம்பிளைகள் எல்லோரையும் பள்ளிக்கூட மைதானத்தில் இருத்தி, ஒவ்வொருவராக ஒரு ஜீப்புக்கு முன்னால் நடக்க விட்டார்களாம். ஜீப்புக்குள் ஒரு ஆள், தலையில் சாக்கு, கண்ணுக்கு மட்டும் இரண்டு ஓட்டை. தலையாட்டி, ஆமிக்கு ஆள் காட்டிக் கொடுக்கிறவன். நீங்களும் கேள்விப்பட்டிருப்பீங்கள், எங்கட பக்கத்தில் கேள்விப்படாத ஆள் உண்டா. தமையன் நடந்தபோது அந்தச் சாக்கு அசைந்ததாம். அதற்குப் பிறகு தமையன் இல்லை.

“கனக்க ஆட்டேல்லை அண்ணை,” என்றார். “ஈ கலைக்கிற மாதிரி ஒரு அசைவு. நான் பின்னாலை நிண்டனான், கண்டனான். எனக்கு ஆட்டேல்லை.”

நான் அதற்கு என்ன சொன்னேன் தெரியுமா? தடி பாரமாகுது, பாருங்கோ என்றேன். மீனும் வந்திருந்தது, அது உண்மை. மீன் வந்தால் மீனைத்தானே பார்க்க வேண்டும்.

இப்போது நான் அந்தச் சாக்குக்குள் இருந்த ஆளைப் பற்றி நினைக்கிறேன். தமையனைப் பற்றி இல்லை. நினைக்கக் கூடாது, ஆனால் நினைக்கிறேன். அந்த ஆளுக்குச் சாக்குக்குள் வியர்த்திருக்கும். அவருக்கும் ஒரு வேலை இருந்திருக்கும், பிள்ளைகள் இருந்திருக்கும். ஆட்டிய பிறகு வீட்டுக்குப் போய் என்ன காரணம் சொல்லிக்கொண்டாரோ. அவர் ஆர் என்று ஊரில் இன்றுவரைக்கும் ஒருவருக்கும் தெரியாதாம். எனக்கு அவரைக் கொஞ்சம் தெரியும் போல இருக்கிறது. இதுதான் எனக்குப் பயம். கோர்ட் இல்லை.

இல்லை, நான் அப்படிப்பட்ட ஆள் இல்லை. ஒரு மீனுக்கும் ஒரு உயிருக்கும் வித்தியாசம் இல்லையா? நீங்களே சொல்லுங்கோ. எத்தனை பேருக்கு நான் வேலை எடுத்துக் கொடுத்திருக்கிறேன்.

ஆகஸ்டில் ஒரு நாள் காலை, நான் காருக்கு ஓயில் மாற்றிக்கொண்டு கீழே படுத்திருந்தேன். தலைமாட்டில் இரண்டு கால் வந்து நின்றது. அவருடைய சப்பாத்து. அவர் குனியவில்லை. மேலே நின்று கேட்டார்:

“அண்ணை, அந்தப் படம் உங்களுக்கு அனுப்பட்டே?”

எந்தப் படம் என்று கேட்டேன், தெரியாதது போல.

“நீங்கள் மீனோடை நிக்கிற படம். வடிவா வந்திருக்கு. சிரிச்சுக்கொண்டு நிக்கிறியள்.”

வேண்டாம் என்றேன். சரி அண்ணை என்றார். கொஞ்ச நேரம் அந்தக் கால் அங்கேயே நின்றது. பிறகு போனது. மிரட்டினாரா? அல்லது நல்ல படம் என்று நினைத்து உண்மையாகவே கேட்டாரா? மூன்று மாதமாக யோசிக்கிறேன். அவர் சூது தெரியாத ஆள். ஆனால் சூது தெரியாத ஆள் எப்படி அந்த நேரம் பார்த்து, நான் எழும்ப முடியாமல் கிடக்கும்போது பார்த்து வருவார்? நான் எழும்பியிருந்தால் என் முகத்தில் என்ன இருந்திருக்கும் என்று பார்க்கத்தான் வந்தாரோ.

பார்த்தீங்களா, அவர் மடியில் ஒரு பழுப்பு உறை வைத்திருக்கிறார். அதற்குள் கோர்ட் கடிதம் இருக்கும். படத்தையும் பெரிதாக்கி எடுத்து வைத்திருக்கிறாரா? எனக்குத் தெரியாது. வைத்திருந்தால் நான் வந்ததில் பிரயோசனம் இல்லை. நான் எழும்பிச் சொல்வதற்கு முன்னால் படம் சொல்லிவிடும். அப்போது நான் பிடிபட்ட ஆள். படம் இல்லாவிட்டால் நான் தானாக வந்த ஆள். இரண்டுக்கும் எவ்வளவு தூரம்.

ஆம், சொல்லத்தான் வந்தேன். நீங்கள் என்ன நினைத்தீங்கள்? ஒரு நாள் லீவு போட்டு, மங்களத்துக்கு சினேகிதன் வீட்டு அந்தியேட்டிச் சடங்கு என்று பொய் சொல்லிவிட்டு, விடிய நாலரைக்கு எழும்பி வந்தது வேறு எதற்கு? இங்கிலிஷில் சொல்ல வேண்டியதை எழுதியும் வைத்திருக்கிறேன், சட்டைப் பையில். மூன்று வரி. ஐயா, அந்த மீனைப் பிடித்தவன் நான். அது பைக் என்று நான் நினைத்தேன். இவர் விடச் சொன்னார். மூன்றாவது வரியை நான்கு தரம் வெட்டி வெட்டி எழுதினேன். முதலில் எழுதியபோது அந்த வரி இல்லை.

அவர் பக்கத்தில் போய் இருந்து இதைச் சொல்லியிருக்கலாம், சீவரத்தினம், நானும் வருகிறேன் என்று. பஸ்ஸில் இரண்டரை மணித்தியாலம் இருந்தது. பக்கத்து சீட்டும் வெறுமையாகத்தான் இருந்தது. அவர் பையைக்கூட அதில் வைக்கவில்லை, காலுக்குக் கீழேதான் வைத்திருக்கிறார். ஏன் அப்படி வெறுமையாக வைத்தார் என்று எனக்கு விளங்கவில்லை. நான் உங்களுக்குப் பக்கத்தில் வந்து இருந்துவிட்டேன். நல்ல காலம், உங்களிடம் கதைக்க முடிந்தது.

அந்தப் பாலம் தாண்டிவிட்டோமா? அப்படியென்றால் பத்து நிமிடம்.

பயமாக இருக்கிறது தங்கச்சி. இவ்வளவு வயது, இப்படிச் சொல்ல வெட்கம். நீதவானுக்குப் பயம் இல்லை. வேலை போனாலும் பரவாயில்லை, தேடலாம். நான் சொல்லி முடித்த பிறகு அவர் என்னைப் பார்த்து, அந்தச் சொல்லைச் சொன்னால்? அல்லது சொல்லாமலே, நன்றி அண்ணை என்று சொன்னால்? எது மோசம் என்று எனக்குத் தெரியவில்லை. நான் போகாமல் விட்டால் அவர் ஒன்றும் சொல்லமாட்டார். நாளைக்கும் குப்பை வாளியை எனக்கும் சேர்த்து வாசலுக்கு இழுத்து வைப்பார். இப்படியே இருபது வருடம் போகும். அதையும் யோசித்தேன். அடுத்த தரிப்பில் இறங்கி, திரும்பிப் போகிற பஸ் பிடிக்கலாம். அவர் என்னைக் காணவில்லை என்றால் நான் வந்ததே இல்லை.

காணவில்லை என்றுதான் நினைக்கிறேன். கண்டிருந்தால் ஒருக்காவாவது திரும்பிப் பார்த்திருப்பார். ஒரு மனிதன் இரண்டரை மணித்தியாலம் கழுத்தைத் திருப்பாமல் இருக்க ஏலுமா?

பஸ் மெதுவாகுது. இதுதான் இடம். தேவாலயம், பெற்றோல் நிலையம், அந்தச் செங்கல் கட்டடம் கோர்ட். நாங்கள் மீனுக்கு வரும்போது இதைத் தாண்டித்தான் போவோம்.

எழும்புகிறார். உறையை எடுத்துவிட்டார். தொப்பியைப் போடுகிறார். இறங்குகிறார், பார்க்கவில்லை, பின்னால் பார்க்கவே இல்லை. நான் சொன்னேன் அல்லவா, அவர் காணவில்லை. இன்னும் இரண்டு பேர் இறங்குகிறார்கள். அவ்வளவுதான், சாரதி கதவை மூடப் போகிறார்.

ஏன் மூடவில்லை?

என்ன செய்கிறார்? வெளியே நின்றுகொண்டு கதவில் கை வைத்திருக்கிறார். சாரதியிடம் ஏதோ சொல்கிறார். உங்களுக்குக் கேட்கிறதா? இன்னும் ஒரு ஆள் இறங்க இருக்கிறார் என்றா சொல்கிறார்? கொஞ்சம் நில்லுங்கோ என்றா?

ஆரைச் சொல்கிறார்.

சாரதி கண்ணாடியில் பின்னால் பார்க்கிறார். எல்லோரும் திரும்புகிறார்கள். அவர் மட்டும் இந்தப் பக்கம் பார்க்கவில்லை, வீதியைப் பார்த்துக்கொண்டு நிற்கிறார். கையை மட்டும் கதவிலிருந்து எடுக்கவில்லை.

கொஞ்சம் வழி விடுங்கோ தங்கச்சி. நீங்கள் நடைபாதைப் பக்கம் இருந்தால் நான் எப்படி இறங்குவது. கொஞ்சம் எழும்புங்கோ.

எழும்பித்தான் நிற்கிறீங்கள் என்ன. நான்தான் இன்னும் இருந்துகொண்டிருக்கிறேன்.